சாம்பிராணியும் இரண்டாம் பொட்டியும்

7 ஜனவரி 2025, செவ்வாய்

மூன்று பொட்டியையும் மாட்டியாயிற்று. ஒன்று தாராவியில் மாமாவின் தோல் பை பட்டறையில், கீழ்த்தளத்தில், ஏணிக்கு அடியில். தோலை ஒட்டுவதற்கு சொல்யூஷன் தடவுகிற இடம் அது. இரண்டாவது அதே பட்டறையின் மேல் ரூமில், தைத்து முடித்த பைகளுக்கு ஸ்ப்ரே அடித்து மினுக்குகிற இடத்தில். மூன்றாவது திலக் நகரில் எங்கள் வீட்டு பால்கனியில், உம்மா துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில்.

ஒவ்வொரு பொட்டிக்குள்ளும் பாதி நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கிறது. டின் ஆக்சைடு. மாதுங்காவில் எங்கள் லேபில் நானே அரைத்து, நானே பூசி, நானே ஐந்நூறு டிகிரியில் சுட்டது. பதினெட்டு சுட்டேன், நாலுதான் தேறியது. அந்த நாலில் மூன்று இன்று வேலைக்குப் போய்விட்டது. பெற்றவளுக்கு இருக்கிற பதற்றம் எனக்கு.

நாகூர் கனி மாமா பொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மோந்து பாக்குமா?"

"பாக்கும் மாமா."

"மூக்கு எங்கனளா இருக்கு?"

காட்டினேன். உள்ளே அது முந்நூறு டிகிரியில் சுட்டுக்கொண்டே இருக்கும் என்றதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "தீ புடிச்சிராதுல்லா? மொத்தப் பட்டறையும் தோலும் சொல்யூஷனும்."

மேல் ரூமில் ஸ்ப்ரே அடிப்பது ஷாகிர் மச்சான், என் அக்கா சாதியா லாத்தாவின் மாப்பிள்ளை. தலை வலிக்கிறது, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள் என்று தீபாவளியிலிருந்து மாமாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். "போனையே பாத்துக்கிட்டு இருந்தா தலை வலிக்கத்தான் செய்யும்" என்பது மாமாவின் பதில். இன்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது ஒன்றேதான்: பொட்டி சொல்லட்டும்.

சொல்லும். அதற்குத்தானே சுட்டேன்.

10 ஜனவரி, வெள்ளி

முதல் டேட்டா. நேற்று மாலை 6.16-க்குக் கீழ்ப் பொட்டியில் ஒரு குத்து ஏற்றம். 6.22-க்கு மேல் பொட்டியிலும் அதே மாதிரி. இரண்டுமே அரை மணியில் அடங்கிவிட்டன. சொல்யூஷன் என்றால் இப்படிக் குத்தாக ஏறாது, பகல் முழுக்க மேடாக இருக்கும். தீயா? தீ என்றால் மாமா போன் பண்ணியிருப்பாரே.

அரை நாள் மண்டையைக் குடைந்தேன். ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமாவைப் பிடித்துக் கேட்டால் சிரிக்கிறார். வியாழக்கிழமை அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது பட்டறையில் சாம்பிராணி போடுவாராம். முதலில் கீழே, பிறகு ஏணி ஏறி மேலே. நம் வீட்டிலும் உம்மா போடுவாள்தானே. எனக்குத்தான் தோன்றவில்லை.

டின் ஆக்சைடுக்கு எது என்ன வாசனை என்று தெரியாது. சூடான அந்தப் பூச்சின் மேல் காற்றிலிருக்கிற ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொண்டு எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சொல்யூஷன் ஆவியோ புகையோ வந்தால் ஆக்சிஜன் அதோடு சேர்ந்து போய்விடும், எலக்ட்ரானுக்கு விடுதலை, கரண்ட் ஓடும். ஏதோ வந்திருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். வந்தது சாம்பிராணி என்று மாமாதான் சொல்ல வேண்டும்.

13 ஜனவரி, திங்கள்

காலை ஐந்தரைக்கு பால்கனிப் பொட்டி எகிறிவிட்டது. பக்கத்து பில்டிங்காரர்கள் போகிக்குப் பழைய பாயைக் கொளுத்தியிருக்கிறார்கள். உம்மா எல்லாத் துணியையும் மறுபடி துவைத்தாள், திட்டு எனக்கு விழுந்தது.

17 ஜனவரி, வெள்ளி

பட்டறைக்குப் போய் மெமரி கார்டு மாற்றிவந்தேன். கீழ்ப் பொட்டி தூசியும் சொல்யூஷன் நூலுமாகப் பரிதாபமாக இருக்கிறது. மேல் பொட்டி பளபளவென்று புதுசாக இருக்கிறது. வியாபாரிகளை தைத்து முடித்த மால் பார்க்க மேலே கூட்டிவரும்போது மாமா அதையும் காட்டுகிறாராம். "மேரி பாஞ்சி கா மிஷின் ஹை", கூடப் பிறந்தவ மக செஞ்ச மிஷின் என்று சொல்லி, அதைத் தொடவும் விடமாட்டாராம். ஷாகிர் மச்சான்தான் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

26 ஜனவரி, ஞாயிறு

சான்பாடாவில் மாமா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமா, "சஃபீனா, உன் பொட்டி என்ன சொல்லுது? எல்லாருக்கும் காட்டு" என்றார். போனில் கடைசி வாரத்து கிராஃபை எடுத்துக் காட்டினேன். மூன்று கோடு. உச்சியில் கீழ்த்தளத்தின் கோடு, நடுவில் எங்கள் பால்கனி. எல்லாவற்றுக்கும் அடியில், தரையோடு தரையாக, மேல் ரூம்.

"அப்ப மேல் ரூம்தான் ஏக்தம் சுத்தம்?"

"மூணுல அதான் மாமா சுத்தம்" என்றேன்.

மாமா தொடையில் தட்டினார். "பாத்தியா மாப்பிள? மிஷினே சொல்லிட்டு. எக்ஸாஸ்ட் வேணுமாம் எக்ஸாஸ்ட்! நோன்புப் பெருநாள் ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு, மேல் ரூமைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்க முடியுமா?"

ஷாகிர் மச்சான் போனை வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். லாத்தா என்னைப் பார்க்கவே இல்லை.

நான் என்ன செய்ய? வந்த எண்ணைத்தானே சொன்னேன். மேலே ஜன்னல் இருக்கிறது, காற்றோட்டம் இருக்கும்.

28 ஜனவரி, செவ்வாய்

லாத்தா மான்குர்திலிருந்து போன். சலாம்கூட சொல்லவில்லை.

"ஏளா, உனக்கு உன் பொட்டி பெருசா, அவிய பெருசா? சாயங்காலம் வந்து சுவத்துல சாஞ்சி உக்காந்தா ஒரு மணி நேரம் கண்ணத் தொறக்க மாட்டக்காவ. நீ வந்து பாத்தியா? இப்ப மாமா எல்லாருகிட்டயும் சொல்லுதாராம், வேலைக்கு வணங்காம தலைவலின்னு நடிக்கான்னு."

நான் அப்படிச் சொல்லலையே லாத்தா என்றேன். "நீ சொல்லல. உன் கோடு சொல்லிச்சு" என்று வைத்துவிட்டாள்.

சரி, தலைவலி வேறு எதனாலாவது இருக்கக் கூடாதா? கண் பவர், சைனஸ், தூக்கம். நான் மருத்துவரா? ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஸ்ப்ரே அடிக்கிற ரூம் எங்கள் பால்கனியைவிடச் சுத்தமாம். கீழே ரோடு, அந்தப் பக்கம் செம்பூர் ரிஃபைனரி என்று பால்கனிக்கு எத்தனை காரணம் சொன்னாலும், அது பால்கனி. இதை என் வாயாலேயே சொன்னேன். அங்கே சொல்லும்போது ஏன் உறைக்கவில்லை?

3 பிப்ரவரி, திங்கள்

உம்மா சொன்னாள். நேற்று லாத்தா வீட்டில் கேஸ் டியூப் கசிந்திருக்கிறது. லாத்தா கடைக்குப் போயிருந்தாளாம். மச்சான் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தாராம். லாத்தா வாசல்படி ஏறும்போதே நாற்றம் குப்பென்று அடித்து, ஓடிப் போய் சிலிண்டரை மூடியிருக்கிறாள். உள்ளே இருந்தவருக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். பிறகு அத்தரையும் பூண்டையும் மூக்கருகே வைத்துப் பார்த்தார்களாம். எதுவுமே தெரியவில்லை.

தீக்குச்சி உரசியிருந்தால்? யா அல்லாஹ்.

4 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் லேபில் சும்மா விளையாட்டாக ஒன்று செய்தேன். விளையாட்டு இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் செய்தது.

மாமாவின் சாம்பிராணி வாரா வாரம் ஒன்றுதானே? அப்படியானால் பொட்டியும் வாரா வாரம் ஒரே அளவுதானே துள்ள வேண்டும்? நாலு வியாழனையும் வெட்டியெடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். சூரியன் தள்ளித் தள்ளி மறைவதால் பாங்கு நேரமும் நாலைந்து நிமிஷம் தள்ளிப்போகிறது. அந்தத் தள்ளல்கூட கிராஃபில் அப்படியே தெரிகிறது, என்ன அழகு! கீழ்ப் பொட்டியில் நாலு துள்ளலும் ஒரே உயரம்.

மேல் பொட்டியில் முதல் வாரம் ஆறு மடங்கு. அடுத்தது நாலு. அதற்கடுத்தது இரண்டுக்கும் குறைவு. போன வியாழன், ஒரு சின்னப் பரு.

கத்திவிட்டேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கத்தினேன், அதுதான் வெட்கம். என்ன கண்டுபிடித்தேன் என்று மண்டையில் ஏற இன்னொரு நிமிஷம் ஆனது. ரூம் சுத்தமாகவில்லை. பொட்டி மோப்பம் இழந்துகொண்டிருக்கிறது. அந்த ரூமில் இரண்டு மூக்கு இருந்தது, ஒன்று என்னுடையது, ஒன்று மச்சானுடையது. இரண்டும் போய்விட்டது. போய்விட்ட மூக்கின் பேச்சைக் கேட்டு நான் வாய் இருக்கிற மனுஷனை எல்லோர் முன்னாலும் பொய்யனாக்கிட்டேனே. சீ.

6 பிப்ரவரி, வியாழன்

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் நிச்சயம் வேண்டும். ஒருவேளை மாமா மேலே சாம்பிராணியைக் குறைத்திருந்தால்?

பாங்குக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய் நின்றேன். மாமா எதிலும் கணக்கு மனுஷன். பவுடர் டப்பா மூடியில் தலைதட்டி அளந்து கீழே ஒரு மூடி, மேலே ஒரு மூடி. ஒரு குருணை கூடக் குறைய இல்லை. எங்கள் லேபில் நான்கூட அவ்வளவு ஒழுங்காக அளப்பதில்லை. மேல் ரூமில் புகை கண்ணைக் கரித்தது. பொட்டியோடு இணைத்த என் போனில் எண் அசையவே இல்லை.

"நல்லா வேலை செய்யுதா?" என்றார் மாமா.

"பாக்கேன் மாமா" என்றேன்.

ஏன் போயிற்று? ஈரம் என்றால் கீழ்ப் பொட்டியும் போயிருக்கும். வோல்டேஜ் இரண்டுக்கும் ஒரே லைன். நான் சுட்டதில்தான் கோளாறா? மூன்றும் ஒரே தட்டில் வெந்தது.

மெமரி கார்டை வீட்டில் போட்டுப் பார்த்தேன். மற்ற நேரத்துக் கோடும் குறைந்திருக்கிறது, ஆனால் ஒரே சீராக இல்லை. படி படியாக இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு படியும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில்.

வெள்ளிக்கிழமை காலையில் அங்கே என்ன நடக்கிறது?

7 பிப்ரவரி, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

ஜும்மாவுக்கு முன்னால் பட்டறையைக் கூட்டித் துடைப்பார்கள். கீழே, சொல்யூஷன் தடவுகிற மாரிக்கண்ணன் துடைத்தான். மேலே என் பொட்டியை மட்டும் மாமாவே துடைக்கிறார். வேறு ஆளிடம் விடமாட்டாராம். பைக்கு அடிக்கிற ஷைனர் டப்பாவை எடுத்தார், குலுக்கினார், பொட்டியின் முகத்திலேயே புஸ்ஸென்று இரண்டு அடி. பிறகு பழைய பனியன் துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்து, தள்ளி நின்று பார்த்து, இன்னொரு அடி.

"காலேஜ் மிஷின், அழுக்கா இருந்தா உனக்குத்தானளா கொறச்சல்" என்றார்.

டப்பாவை வாங்கிப் பின்பக்கம் படித்தேன். சிலிக்கோன்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் லேபில் பெண்கள் தலைக்கு சீரம் போடக் கூடாது என்று விதி. அதிலிருக்கிற சிலிக்கோன் துளி ஆவியாகப் பட்டாலும் டின் ஆக்சைடு கெட்டுவிடும். இரண்டு வருஷமாக நான் போடவில்லை, தலை தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. அப்படிக் காத்த பூச்சுக்கு மாமா வாரா வாரம் அபிஷேகம் பண்ணியிருக்கிறார். அந்த ரூமில் நாள் முழுக்க அடிப்பதும் அதே ஷைனர்தான். பொட்டியை மாட்டும்போது என்ன அடிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி நான் கேட்கவில்லை. மாமாவைச் சொல்லி என்ன?

8 பிப்ரவரி, சனி

கழற்றி எடுத்துவந்த மேல் பொட்டியை லேபில் திறந்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து நேராக அதன் மூக்கில் வைத்தேன். அசைவில்லை. மைக்ராஸ்கோப்பில் பூச்சின் மேல் மெல்லிய தகடு மாதிரி ஒரு படலம். சூட்டில் சிலிக்கோன் வெந்து கண்ணாடியாகப் படிந்திருக்கிறது. வாயு உள்ளே போக வழியே இல்லை.

கைடு பானுமதி மேடம் எட்டிப் பார்த்தார்கள். "சாம்பிராணிய வெச்சு கண்டுபிடிச்சியா? ரொம்ப நன்னாருக்கு. பேப்பர்ல எழுது" என்றார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆத்துல சொல்லியாச்சோ?" என்றார்கள்.

இல்லை மேடம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்று போயிருக்கலாம். போகவில்லை.

10 பிப்ரவரி, திங்கள்

நாலில் மிச்சமிருந்த ஒரு பூச்சைப் புதுப் பொட்டியில் வைத்து மேல் ரூமில் உயரத்தில் மாட்டினேன், மாமாவுக்குக் கை எட்டாத இடம். ரூம் காற்றிலேயே ஷைனர் இருப்பதால் இதுவும் சீக்கிரம் சாகும். நாலைந்து நாள் தாங்கினால் போதும். "இதைத் துடைக்காதீங்க மாமா" என்றேன். "ஏன்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். சொல்லித்தான் ஆகணும், இனி தப்ப முடியாது.

ஷாகிர் மச்சான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். "என்ன, இன்னொன்னா?" என்றார். அடுத்த பையை எடுத்தார்.

14 பிப்ரவரி, வெள்ளி

நாலு நாளும் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை மேல் ரூம் கீழ்த்தளத்தைப் போல இரண்டரை மடங்கு. ஜன்னல் இருக்கிறது என்று சொன்னேனே, அந்த ஜன்னலை வெளித்தூசி பையில் படியக் கூடாதென்று ஸ்ப்ரே நேரத்தில் மூடித்தான் வைக்கிறார்கள். ஒரு தடவையாவது மூன்று மணிக்குப் போய்ப் பார்த்திருக்கிறேனா?

16 பிப்ரவரி, ஞாயிறு

சான்பாடா. போன தடவை இருந்த அதே ஆட்கள் இருக்க வேண்டும் என்று லாத்தாவிடம் கெஞ்சி மச்சானையும் வரவழைத்தேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்றால் தைரியம் போய்விடும்.

போன மாசம் காட்டின கோடு தப்பு என்றேன். பொட்டி செத்துப்போயிருந்தது, அது எனக்குத் தெரியவில்லை, தெரியாமலே சுத்தம் என்று சொன்னேன் என்றேன். புதுக் கோட்டைக் காட்டினேன். ஷைனரைப் பற்றிச் சொன்னபோது மாமாவின் முகம் சிறுத்துவிட்டது.

"அப்ப நாந்தான் கெடுத்தேனா?"

"இல்ல மாமா. அங்க என்ன அடிக்காங்கன்னு நான் கேக்கல. தப்பு எம்மேலதான்." பிறகு மச்சான் பக்கம் திரும்பினேன். பயிற்சி எடுத்துக்கொண்டு போன வார்த்தை எதுவும் வரவில்லை. "மன்னிச்சுக்கோங்க மச்சான்" என்று மட்டும் வந்தது.

மாமா எழுந்துகொண்டார். "சரி மாப்பிள. நாளைக்கே எக்ஸாஸ்ட் போட ஆள் சொல்லுதேன். மிஷினே இப்படிச் சொல்லும்போது..."

"இப்பவும் மிஷின் சொன்னதாலதான மாமா" என்றார் ஷாகிர் மச்சான். சத்தமே இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். "மூணு மாசமா நான் சொன்னேன். அது சுத்தம்னுச்சு, நான் பொய்யன். இன்னைக்கு அழுக்குன்னுது, நான் மெய்யன். நாளைக்கு அது திரும்பச் செத்தா?"

மாமி சோறு போட எழுந்தார்கள். நான் மச்சானின் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன். நெய்ச்சோறு மணந்தது. அவருக்கு அது தெரியாது.

18 பிப்ரவரி, செவ்வாய்

தலைவலிக்கும் மூக்குக்கும் அந்த ஸ்ப்ரேதான் காரணம் என்று என் பொட்டியால் சொல்ல முடியுமா? முடியாது. அதற்குப் பெயர் தெரியாது, அளவு தெரியும், அதுவும் உயிரோடிருக்கும்வரை. ஆனால் யாருக்கு, எப்போது, எப்படி வலிக்கிறது என்பது மச்சானுக்கு மூன்று மாசமாகத் தெரிந்திருக்கிறது. பட்டறைக்கு ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். நேரம், என்ன வேலை, தலை எப்படி என்று அவரவரே சொல்லி எழுத.

22 பிப்ரவரி, சனி

மூக்கு டாக்டரிடம் மச்சானோடு நானும் போனேன். லாத்தா கூப்பிட்டாள், அதுவே பெரிசு. வாசம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், ஸ்ப்ரே பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். மச்சான் இனிக் கீழே, வாசலையொட்டிய மேசையில் தோல் வெட்டுவார். மேலே எக்ஸாஸ்ட் ஓடுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. ஸ்ப்ரே ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான், அதுவும் ஆள் மாற்றி மாற்றி. மாமா முனகிக்கொண்டேதான் செய்தார், ஆனாலும் செய்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் மச்சான் கேட்டார்: "உன் பொட்டி செத்ததுன்னா, வேற பூச்சு மாத்திக்கிடலாம், என்ன?" ஆமாம் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

25 பிப்ரவரி, செவ்வாய்

மதியம் பட்டறையில் இருந்தேன். வெள்ளிக்கிழமை போக வேண்டிய பெருநாள் மால், தரை முழுக்கப் பை. கீழே மாரிக்கண்ணனும் இன்னும் இரண்டு பேரும் சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார்கள், ஷாகிர் மச்சான் வாசல் மேசையில் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றரைக்கு மாமா உள்ளே வந்தார். நான் எண்ணைச் சொல்வதற்காகப் போனை எடுத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மேசையருகே நின்றார்.

"மாப்பிள, தலை எப்படி இருக்கு?"

மச்சான் கத்தரியை நிறுத்தவில்லை. "பொட்டியக் கேளுங்க மாமா."

"பொட்டிக்கா தலை வலிக்கி? நீ சொல்லு."

இப்போது நிறுத்தினார். மாமாவை நிமிர்ந்து பார்த்தார். "லேசா புடிக்கி" என்றார்.

மாமா தரையில் கிடந்த பைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எல்லோரையும் சொல்யூஷன் டப்பாவை மூடச் சொன்னார். அஸர் தொழுகை முடிந்து திறந்துகொள்ளலாம், எல்லோரும் வெளியே போய் டீ குடியுங்கள் என்றார். மாரிக்கண்ணன் மூடிகளைத் தேடித் தேடி மூடினான். போனில் எண் பச்சையில்தான், அளவுக்குள்தான் இருந்தது. யாருக்கும் காட்டாமல் பையில் போட்டுவிட்டு, நோட்டில் நேரத்தையும் மச்சான் சொன்னதையும் எழுதினேன்.